பழைய டீசல் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு லீக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் பழைய நகரத்தில், உப்பனாற்றுப் பக்கம் எங்கள் பட்டறை. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டியிலிருந்து பம்புசெட் எஞ்சின் வரும், பாகூர்ப் பக்கமிருந்து கரும்பு ஆட்டும் எஞ்சின் வரும், துறைமுகத்திலிருந்து போட் எஞ்சின் வரும். கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "கம்ப்ரஷன் இல்லைண்ணே." அவர்கள் கேட்பதையும் நான் திரும்பத் திரும்பச் சொல்வதையும் இங்கே எழுதியிருக்கிறேன். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் 6 எச்.பி. லிஸ்டர் மாடல், 1500 சுற்று ஓடும் 5 எச்.பி. கிர்லோஸ்கர் ஏவி1 மாதிரியான ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களை மனதில் வைத்து எழுதியது. போட்டுக்காரர்களுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுதான் கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி போலப் பிளக் கிடையாது. காற்றை நசுக்கும்போது (அதுதான் கம்ப்ரஷன்) வருகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அந்தக் காற்று எங்கேயாவது ஒழுகினால் சூடு போதாது. எவ்வளவு சுற்றினாலும் சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டும் வரும்.

டீசலை நிறுத்திவிட்டு, டீகம்ப்ரஷன் லீவரை (சுற்றுவதற்கு லேசாக இருக்க வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லீவர்) விடுவித்துவிட்டு, பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கம்ப்ரஷன் வரும் இடத்தில் நல்ல எஞ்சின் எதிர்த்து நிற்கும். கையை விட்டால் பிளைவீல் திரும்பி வரும். லீக் உள்ள எஞ்சின் காற்றுப் போன பந்து மாதிரி அமுங்கிக் கொடுத்துவிடும். அந்த இடத்தில் பிளைவீலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூட ஒரு ஆளைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். சைலன்சர் குழாயில் "புஸ்ஸ்" என்று கேட்டால், எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் கிளீனரில் கேட்டால், காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே கேட்கிறதா, அது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். தண்ணீரில் குமிழி வந்தால், சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்.

இன்னும் சந்தேகம் இருந்தால் டீசலைத் தூவும் நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, லீவரைத் தூக்கிய நிலையில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, நாசிலை மாட்டி மறுபடி பாருங்கள். கம்ப்ரஷன் ஏறினால் ரிங்தான் தேய்ந்திருக்கிறது. அப்படியே இருந்தால் வால்வு. ஒரு ஸ்பூன் என்றால் ஒரு ஸ்பூன். தாராளமாக ஊற்றினால் பிஸ்டனுக்கு மேலே ஆயில் நிரம்பி, சுற்றும்போது கனெக்டிங் ராடு வளையும்.

கைப்பிடி போட்டுச் சுற்றுகிறவர்கள் கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் கைப்பிடி தானாக உருவிக்கொண்டு போய்விடும், விரல் மிஞ்சும்.

ஹெட்டை இறக்காமல் சரிசெய்ய வழி இருக்கிறதா?

சில சமயம் இருக்கிறது. அதனால்தான் இதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

ராக்கர் மூடியைத் திறந்து டாப்பெட் இடைவெளியைப் பாருங்கள், அதாவது வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவிலுள்ள சந்து. இடைவெளியே இல்லாமல் ராக்கர் வால்வின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தால், வால்வு முழுதாக மூடவே இல்லை என்று அர்த்தம். சரியாக வைத்ததும் கம்ப்ரஷன் திரும்பி வந்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது டீகம்ப்ரஷன் லீவர். இது பல எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வைத்தான் தூக்கிப் பிடிக்கும். லீவரை விட்ட பிறகும் உள்ளே ஒரு மயிரிழை அழுத்திக்கொண்டே இருந்தால் லீக் நிற்காது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பம்புசெட்டுக்கு மூன்று தடவை வால்வு கிரைண்டிங் (பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்துப் பொருத்துவது) செய்தேன். மூன்று தடவையும் அதே புஸ்ஸ். நாலாவது தடவை என் அப்பா வந்து, லீவருக்கு அடியில் இருந்த ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வார்த்தையாக ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

மூன்றாவது, நாள்பட நிறுத்திவைத்த எஞ்சினில் வால்வுத் தண்டு, அது ஏறி இறங்கும் குழலான கைடுக்குள் இறுகி நிற்கும். தண்டின் மேல் டீசலும் ஆயிலும் கலந்து விட்டு, ஒரு இரவு ஊறவைத்து, மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள். தட்டும்போது பிஸ்டன் கீழே இருக்கட்டும்.

இந்த மூன்றிலும் சரியாகவில்லை என்றால் ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

டாப்பெட் சத்தமே இல்லாமல் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று எப்படி வால்வு எரியும்?

சத்தமே இல்லாமல் ஓடியதால்தான் எரிந்தது. இதை யாரும் சுலபத்தில் நம்புவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எரிந்து முடிந்த வாயு முழுவதும் எக்ஸாஸ்ட் வால்வைத் தொட்டுக்கொண்டுதான் வெளியே போகிறது. 1500 சுற்று ஓடும் எஞ்சினில் இந்த வால்வு நிமிடத்துக்கு 750 தடவை, மணிக்கு 45,000 தடவை திறந்து மூடுகிறது. அது வாங்கும் சூட்டில் முக்கால்வாசி, மூடியிருக்கும் நேரத்தில் சீட் (வால்வு உட்காரும் வளையம்) வழியாகத்தான் ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் இறங்குகிறது. மீதி தண்டு வழியாகக் கைடுக்குப் போகும். ஆக, சீட்டில் உட்காரும் அந்தக் கண நேரம்தான் வால்வுக்கு ஓய்வு.

சூடானால் தண்டு நீளும். 10 செ.மீ. எஃகுக் கம்பி 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.12 மி.மீ. நீளும், வால்வு ஏறும் சூடோ பல நூறு டிகிரி. அந்த நீட்சிக்கு இடம் விடத்தான் டாப்பெட் இடைவெளி. இடம் விடாவிட்டால் சூடான எஞ்சினில் வால்வு சீட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். சூடு இறங்க வழியில்லை. ஓரத்தில் நெருப்பு பீறிட்டு, வால்வின் விளிம்பை வெட்டிக்கொண்டே போகும்.

சரி, வைத்த இடைவெளி ஏன் குறைகிறது? ஓட ஓடச் சீட் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்கிறது. வால்வு ஹெட்டுக்குள் ஏற ஏற அதன் தண்டு ராக்கரை நெருங்குகிறது. அதாவது தேய்மானம் கூடக்கூட டாப்பெட் சத்தம் குறையும். மற்ற பாகமெல்லாம் தேய்ந்தால் ஆடும், சத்தம் போடும். இது மட்டும் தலைகீழ். "டக் டக்" சத்தம் அடங்கிவிட்டதே என்று சந்தோஷப்பட்டவர்கள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வருகிறார்கள்.

டாப்பெட் எவ்வளவு வைக்க வேண்டும்?

எஞ்சினோடு வந்த புத்தகத்தில் அல்லது எஞ்சினில் அடித்த தகட்டில் உள்ள அளவு. மாடலுக்கு மாடல் மாறும், பக்கத்துக் கொல்லைக்காரர் எஞ்சின் அளவு உங்களுக்கு ஆகாது. எக்ஸாஸ்டுக்கு இன்லெட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ அதே அளவாகவோ இருப்பது வழக்கம். பழைய புத்தகங்களில் தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும். 10 தௌ என்றால் 0.25 மி.மீ.

பிளைவீலைச் சுற்றுங்கள். இன்லெட் வால்வு திறந்து மூடிய பிறகு, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் டாப் குறி நேராக வரும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பிளேடு துண்டு, சிகரெட் அட்டை வேண்டாம். ஃபீலர் கேஜ் ஒன்றும் யானை விலை இல்லை.

ஹெட்டை இறக்கும்போது எதில் கவனம்?

தண்ணீரை முழுவதும் வடியுங்கள். டீசல் பைப்பைக் கழற்றிய உடனே இரண்டு முனையிலும் சுத்தமான துணி சுற்றிக் கட்டுங்கள், ஒரு மணல் துணுக்கு போதும் நாசிலைக் கெடுக்க. ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு இரண்டையும் இன்லெட், எக்ஸாஸ்ட் என்று எழுதி வையுங்கள். ஹெட் போல்ட்டுகளை ஒரே மூச்சில் ஒன்றொன்றாகக் கழற்றாமல், எல்லாவற்றையும் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்தபடி சுரண்டாமல் நன்றாக ஈரமாக்கிவிட்டுச் சுரண்டுங்கள், தூசியை ஊதாதீர்கள்.

வால்வு ஸ்பிரிங்கை அமுக்கி, அதைத் தண்டில் பிடித்துவைக்கும் லாக்கை எடுக்கும்போது உங்கள் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குட்டி லாக் தெறித்துப் போனால் மணலில் தேடிக் கண்டுபிடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

வால்வைக் கையில் எடுத்தாயிற்று. எதைப் பார்ப்பது?

வால்வின் முகம் (சீட்டில் படும் பரப்பு) முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்புக் குழி மட்டும் இருந்தால் கரித்துணுக்கு மாட்டி நசுங்கியது, கிரைண்டிங் போதும். விளிம்பில் ஒரே ஒரு இடத்தில் எலி கடித்த மாதிரி வெட்டு இருந்தால் அந்த வால்வு முடிந்தது, காயலான் கடைக்குத்தான். விளிம்பின் கனம் 1 மி.மீ.க்குக் கீழே போய்க் கத்தி மாதிரி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். மெல்லிய விளிம்பு சூட்டில் செக்கச்செவேல் ஆகி மறுபடி எரியும்.

சீட்டில் பதிந்த வளையம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் இருந்தால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது கைடு தேய்ந்து வால்வு சாய்ந்து உட்கார்கிறது. வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கைடை மாற்றாமல் மேலே போகாதீர்கள். தேய்ந்த கைடோடு சீட்டை மட்டும் வெட்டுவது சாய்ந்த வாசலுக்குப் புதுக்கதவு போடுவது மாதிரி.

கிரைண்டிங்கை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. பொறுமையுள்ள ஆள் பட்டறையைவிட நன்றாகவே செய்வார்.

முதலில் கரியெல்லாம் சுரண்டி எடுங்கள். கிரைண்டிங் பேஸ்ட்டில் கோர்ஸ், ஃபைன் என்று இரண்டு உண்டு. குழி இருந்தால் மட்டும் கோர்ஸில் ஆரம்பியுங்கள், இல்லையென்றால் ஃபைன் போதும். தண்டில் ஒரு சொட்டு ஆயில் தடவி, வால்வு முகத்தில் நாலு இடத்தில் பொட்டு வைத்த மாதிரி பேஸ்ட் வையுங்கள். வரிவரியாக அப்ப வேண்டாம். தண்டில் பேஸ்ட் பட்டால் கைடைத் தின்றுவிடும்.

ரப்பர் கப் உள்ள குச்சியை வால்வுத் தலையில் ஒட்டி, மத்தால் தயிர் கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கு நடுவே முன்னும் பின்னும் உருட்டுங்கள். அழுத்த வேண்டாம், குச்சியின் கனமும் கையின் கனமும் போதும். பத்துத் தடவைக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கால் வட்டம் திருப்பி, மறுபடி வையுங்கள். தூக்கித் திருப்பாமல் ஒரே இடத்தில் தேய்த்தால் வட்டக் கோடு கோடாக விழும், அந்தக் கோடு வழியாகவே லீக் ஆகும். தொடக்கத்தில் கரகரவென்று கேட்கும் சத்தம் வழவழப்பாக மாறினால் பேஸ்ட் தேய்ந்துவிட்டது என்று பொருள். துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

வால்விலும் சீட்டிலும் எங்கும் அறுபடாத, பளபளப்பில்லாத சாம்பல் நிற வளையம் வந்தால் நிறுத்திவிடலாம். இந்த மாதிரி எஞ்சினுக்கு ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. அகலம் நல்லது. முகத்தின் நடுவில் விழுந்தால் இன்னும் நல்லது. அகலம் கூடினால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து மணிக்கணக்கில் தேய்ப்பவர்கள் உண்டு. அகலமான சீட்டில் அழுத்தம் பரந்துபோய், கரித்துணுக்கு நசுங்காமல் தங்கிவிடும்.

கடைசியாகக் கழுவுங்கள். டீசலில் ஒரு தடவை, சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கும்வரை. மிச்சமாகும் பேஸ்ட் சிலிண்டருக்குள் இறங்கி, அதன் உட்சுவரான லைனரைத் தேய்க்கிற வேலையை ஆரம்பித்துவிடும்.

டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றினால் சீக்கிரம் முடியுமே?

முடியும். சீட்டும் சேர்ந்து முடியும்.

குழி ஆழமாக இருக்கிறது, தேய்த்துத் தீரவில்லை.

அப்படியானால் அது கிரைண்டிங் வேலை இல்லை, கட்டர் வேலை. சீட் கட்டரைக் கைடில் பைலட் (கட்டரை நேராக நிறுத்தும் கம்பி) போட்டு நிறுத்திச் சுற்றினால் குழி போகும். சாதாரணமாக 45 டிகிரி, சில எஞ்சினில் 30 டிகிரி இருக்கும், பழைய முகத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் வால்வு இன்னும் உள்ளே போகிறது என்பதை மறக்கக் கூடாது. ஹெட் மட்டத்துக்குக் கீழே மிகவும் அமிழ்ந்துவிட்டால் லேத் பட்டறையில் சீட் ரிங் வைத்துவிடுவது மேல்.

கடையில் எக்ஸாஸ்ட் வால்வு இல்லை. அளவு ஒன்றுதானே, இன்லெட் வால்வைப் போட்டு ஓட்டலாமா?

வேண்டாம். எக்ஸாஸ்டுக்குச் சூடு தாங்கும் உலோகம் வேறு. பல எஞ்சின்களில் காந்தத்தை வைத்தால் இன்லெட் வால்வுத் தலையில் ஒட்டும், எக்ஸாஸ்டில் ஒட்டாது. ரொம்பப் பழைய மாடலில் இரண்டிலும் ஒட்டக்கூடும், அங்கே இந்தச் சோதனை செல்லாது.

மாட்டும் முன் லீக் நின்றதா என்று பார்க்க முடியுமா?

பார்க்காமல் மாட்டாதீர்கள். வால்வு, ஸ்பிரிங், லாக் எல்லாம் போட்டு, ஹெட்டைச் சாய்த்து, எக்ஸாஸ்ட் வாய் வழியாக மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து வால்வைச் சுற்றிக் கசிவு தெரியக் கூடாது. லேசாக ஈரம் பூத்தால் விட்டுவிடலாம், சொட்டினால் மறுபடி மத்தை எடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது?

கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள், பழையதன் கனத்திலேயே. கனம் மாறினால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள இடம் மாறும். சந்தேகமாக இருந்தால் பிஸ்டன் மேல் ஈயக் கம்பித் துண்டு வைத்து, ஹெட்டை இறுக்கி, ஒரு சுற்றுக் கையால் சுற்றி எடுத்து, நசுங்கிய கனத்தை அளந்து புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

ஹெட் போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று தவணையில் இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) இருந்தால் புத்தக அளவு. டாப்பெட் வையுங்கள். அரை மணி ஓட்டி, ஆறவிட்டு, போல்ட்டை மறுபடி பாருங்கள், கேஸ்கெட் அமுங்கியிருக்கும். போல்ட் இறுகியதும் ஹெட் இறங்கி டாப்பெட் குறையும், ஆகவே அதையும் மறுபடி வைக்க வேண்டும். இந்த இரண்டாவது டாப்பெட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "ஸ்டார்ட் ஆயிடுச்சே" என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

வால்வு மாற்றி மூன்றே மாதம். மறுபடி எரிந்துவிட்டது.

எரிந்த வால்வை மாற்றினீர்கள், எரித்ததை விட்டுவிட்டீர்கள். டாப்பெட்டும் கைடும் சரியென்றால் நாசிலைச் சோதியுங்கள். தூவாமல் ஒழுகுகிற நாசில் இருந்தால் டீசல் தாமதமாக எரிந்து, நெருப்பு எக்ஸாஸ்ட் வரை வரும். பம்ப் டைமிங் பின்தங்கினாலும் இதே கதை. எஞ்சின் சக்திக்கு மீறிய பம்ப்பை மாட்டிக் கறும்புகையோடு ஓட்டுவது இன்னொன்று.

கடலோர ஊர்களுக்கென்று ஒரு காரணம் உண்டு: உப்புத் தண்ணீர். போர் தண்ணீர் உப்பேறிய இடங்களில் ஹெட்டின் தண்ணீர் வழிகளில், குறிப்பாக எக்ஸாஸ்ட் வாயைச் சுற்றி, சுண்ணாம்பு மாதிரிக் காறை கட்டிவிடும். வெளியே தண்ணீர் நன்றாக ஓடும், உள்ளே சீட் வெந்துகொண்டிருக்கும். ஹெட் கையில் இருக்கும்போதே கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள்.

போட் எஞ்சினுக்கும் இதே முறைதானா?

வால்வு வேலை இதேதான். ஆறு சிலிண்டர் எஞ்சினில் எந்தச் சிலிண்டர் என்று முதலில் பிடிக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தினால் சத்தத்தில் மாற்றமே இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். பீறிடும் டீசலில் கை படக் கூடாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்தச் சிலிண்டருக்குக் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், நாசிலாகவும் இருக்கலாம்.

சைலன்சர் வாய் நீர்மட்டத்தை ஒட்டியிருந்தால் அலை அடித்துக் கடல் தண்ணீர் உள்ளே ஏறும், சீட்டில் துரு பிடிக்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஹெட்டை ஏப்ரலிலேயே இறக்குங்கள். ஜூன் 10-ஆம் தேதி வந்து "நாளன்னிக்கே வேணும்" என்றால் லேத்துக்காரர் சிரிப்பார்.

மழைக்காலத்தில் எஞ்சினை நிறுத்திவைக்கிறேன். வால்வு கெடாமல் இருக்க என்ன செய்யலாம்?

இரண்டே காரியம். நிறுத்தும்போது பிளைவீலைக் கம்ப்ரஷன் வரும் இடத்தில் கொண்டுவந்து விடுங்கள், இரண்டு வால்வும் மூடியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றால் ஈரக்காற்று நேராகச் சிலிண்டருக்குள் போகும்.

அடுத்து, சைலன்சர் வாயை மூடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது இந்தப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததிலிருந்து கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த டீசல் எஞ்சினையெல்லாம் அப்போது வெளியே இழுத்தார்கள். பட்டறைக்கு வந்ததில் முக்கால்வாசிக்கு ஒரே நோய்: வானம் பார்த்த சைலன்சர் வழியாக மழை இறங்கி, எக்ஸாஸ்ட் சீட் துருப்பிடித்து, கம்ப்ரஷன் இல்லை. பக்கத்திலேயே தென்னை மரம் நிற்கும். ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்திருந்தால் போதும்.

ஸ்டார்ட் செய்யும் முன் அதை எடுத்துவிடுங்கள். எங்கள் பட்டறைக் கூரை ஓட்டில் ஒன்று உடைந்திருப்பது அப்படி மறந்துபோன ஒரு கொட்டாங்கச்சியால்தான்.